மணிக்கொரு மூச்சு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் இருந்து ஆடியபாதம் வீதியால் போய் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஒரு வீட்டில் தேவாரம் கேட்கும், இன்னொரு வீட்டில் செபமாலை கேட்கும். விறாந்தை மூலையில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று ஃபோனைப் பார்த்தபடி இருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் இரண்டு நீலச் சரி விழுந்து அரைமணி நேரமாகிவிட்டது. பதில் வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, "சாப்பிட வா பிள்ளை" என்று அம்மா கூப்பிடுவது காதில் ஏறவில்லை.

இதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது: பதகளிப்பு. வீட்டில் பாட்டி சொல்வதும் அதுதான், யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் எழுதுவதும் அதுதான். வாயால் சொல்லும்போதே மூச்சு இடறுவது போன்ற சொல்.

நீலச் சரி ஏன் இப்படி வாட்டுகிறது? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு குழுவினர் 45 பேரைக் கணினி விளையாட்டொன்றில் உட்கார வைத்து, அதன் முடிவுகளை 2016இல் வெளியிட்டார்கள். திரையில் கற்கள் வரும். எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறிய மின்னதிர்ச்சி விழும். கண்மணி விரிவதையும் தோல் வேர்ப்பதையும் அளந்து பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தவேளையில் உடல் அதிகம் பதறவில்லை. வருமோ வராதோ என்று சரிபாதி ஐயத்தில் இருந்தபோதுதான் பதற்றம் உச்சியைத் தொட்டது. கெட்டது நடக்கும் என்ற உறுதியைவிட, நடக்குமோ என்ற ஐயம் உடலுக்குக் கூடுதல் பாரம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வருடக்கணக்காக வீதியோரக் கொட்டில்களில் காத்திருக்கும் எங்கள் அம்மாமாருக்கு இதை எந்த ஆய்வுகூடமும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பெருந்துயரத்தோடு ஒரு பிள்ளையின் ஃபோனை ஒப்பிட முடியாது. ஆனால் ஐயத்தைக் கண்டு பதறும் உடலின் பொறி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பதில் வராத செய்தி, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று தெரியாத படம், வகுப்புக் குழுவில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள் என்ற கேள்வி: ஒரு நாளைக்கு நூறு தடவை சரிபாதி ஐயத்தை உண்டாக்கும் கருவி ஒன்றைச் சிறு வயதிலேயே கையில் கொடுத்திருக்கிறோம். கொவிட் காலத்தில் பாடசாலை மூடியபோது படிப்புக்காக நாங்களே வாங்கிக் கொடுத்தோம்.

ஃபோன்தான் முக்கிய காரணமா என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரிய வாக்குவாதம் இருக்கிறது. உளவியலாளர் ஜொனதன் ஹைட் 2024இல் எழுதிய நூல் ஆம் என்கிறது. அதே ஆண்டு இன்னொரு உளவியலாளரான கான்டிஸ் ஒட்ஜெர்ஸ் 'நேச்சர்' இதழில் அதை மறுத்தார். அந்த வாக்குவாதம் தீரும்வரை என் வீட்டுப் பிள்ளை காத்திருக்க முடியாது. அதனால் நான் வேறு பக்கம் பார்க்கிறேன்: பெற்றோர் பக்கம்.

இன்று பதினாறு வயதுப் பிள்ளையை வளர்க்கும் அம்மாவும் அப்பாவும் யார்? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்த இடப்பெயர்வில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த பிள்ளைகள். மின்சாரம் இல்லாத வருடங்களில் போத்தல் விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். ஹெலி சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடக் கற்ற உடம்பு அது. சத்தம் நின்று பதினாறு பதினேழு வருடம் ஆகியும் அந்த உடம்பு முழுதாக மறக்கவில்லை. பிள்ளை ரியூசன் முடிந்து கால்மணி நேரம் பிந்தினால் அந்தப் பழைய அபாயமணி உள்ளே அடிக்கிறது. பிள்ளை அதைப் பெற்றோரின் முகத்தில் படிக்கிறது. பெற்றோரின் பதற்றம் பிள்ளைக்குத் தொற்றும்.

அமைதியும் அதேபோலத் தொற்றும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் யுத்தத்தின் நடுவிலேயே வேலை செய்தவர். தமிழரின் உள வடுக்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998இல் வந்தது. நெருக்கீட்டால் வாடி வந்தவர்களுக்கு அவர் மாத்திரையோடு நிற்கவில்லை. மூச்சுப் பயிற்சியும் சாந்தி ஆசனமும் சொல்லிக் கொடுத்தார். அவரவர் சமயத்தில் அர்த்தமுள்ள ஒரு சொல்லை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். சைவர் ஓம் என்றார்கள், கத்தோலிக்கர் செபமாலையை எடுத்தார்கள், முஸ்லிம்களும் பௌத்தர்களும் தங்கள் தங்கள் சொற்களை எடுத்தார்கள். எங்கள் பாட்டிமார் அறிந்திருந்ததை ஒரு மருத்துவர் மருந்துச் சீட்டில் எழுதினார் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இத்தாலியில் பவியா நகரத்து லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவர் 23 ஆரோக்கியமானவர்களின் இதயத் துடிப்பையும் மூச்சையும் பதிவு செய்து, 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர்கள் செபமாலையில் வரும் மங்கள வார்த்தைச் செபத்தை இலத்தீனில் சொன்னார்கள். பிறகு திபெத்திய மந்திரம் ஒன்றைச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. யாரும் மூச்சை எண்ணச் சொல்லவில்லை. வாக்கியத்தின் நீளம்தான் மூச்சின் நீளத்தை முடிவு செய்தது.

ஆறில் என்ன அதிசயம்? எங்கள் இரத்த அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழப் பத்து விநாடிக்கு ஒரு தடவை மெல்ல ஏறி இறங்கும். 19ஆம் நூற்றாண்டில் கண்டு எழுதியவரின் பெயரால் அதை மாயர் அலை என்பார்கள். கழுத்து நாடியில் அந்த அழுத்தத்தை ஓயாமல் அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சொல்லும், மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்தைக் கொஞ்சம் தணிக்கும். இன்னொரு பக்கம், மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரையும், விடும்போது தணியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. உடலுக்குள் ஏற்கெனவே ஓடும் பத்து விநாடி அலையோடு அது போய்ச் சேர்ந்துகொள்கிறது. சித்திரை வருடப் பிறப்புக்குக் கட்டிய ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலுக்கே உயரப் போகுமே, அப்படி. தணிக்கும் நரம்பின் வேலை ஓங்குகிறது.

பெர்னார்டி அளந்தது இதயத்தை, பதகளிப்பை அல்ல. ஆனால் மெதுவான மூச்சு பதற்றத்தைக் குறைக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெர்னார்டியின் ஆய்வில் என்னை நெகிழ வைத்தது இன்னொன்று. மங்கள வார்த்தையின் முதற் பாதியைக் குருவானவர் சொல்ல, மறுபாதியை மக்கள் சொல்வது வழக்கம். வீட்டில் அம்மா முன்பாதி, பிள்ளைகள் பின்பாதி. ஒருவர் சொல்லும்போது மற்றவர் மூச்சை இழுத்துக்கொள்கிறார். ஆளுக்கு ஆள் மூச்சைக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு அது. இதைச் சொன்னால் செபம் வெறும் மூச்சுப் பயிற்சியாகிவிடுமோ என்று சிலர் கவலைப்படுவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. உடலைப் படைத்தவருக்கு அந்த உடல் எப்படி ஆறும் என்பது தெரியும் என்றே நம்புகிறேன். என் கவலை நாங்கள் அதைச் சொல்லும் வேகத்தைப் பற்றியது. ஐம்பத்துமூன்று மங்கள வார்த்தையையும் தொலைக்காட்சி நாடகம் தொடங்க முன்னர் ஓடி முடித்தால் அந்தப் பத்து விநாடி எங்கே வரும்?

குரலின் வலிமை தனி. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் சிறுமிகளை அந்நியர் முன் பேசவும் கணக்குச் செய்யவும் வைத்தார்கள். பிறகு சிலருக்குத் தாயின் அணைப்பு, சிலருக்குத் தொலைபேசியில் தாயின் குரல் கிடைத்தது. 2010இல் வந்த முடிவின்படி, குரல் மட்டும் கேட்டவர்களுக்கும் ஒக்சிடோசின் என்ற ஓமோன், அணைக்கப்பட்டவர்களுக்குச் சுரந்த அளவுக்குச் சுரந்திருந்தது. 2012இல் எழுத்துச் செய்தியையும் சேர்த்துப் பார்த்தார்கள். தாயிடமிருந்து செய்தி மட்டும் வந்த பிள்ளைகளின் உடல், தாயோடு தொடர்பே இல்லாத பிள்ளைகளின் உடலைப் போல நெருக்கீட்டிலேயே இருந்தது. கத்தாரிலும் ரொறன்ரோவிலும் இருந்து "படிச்சியா", "சாப்பிட்டியா" என்று தட்டி அனுப்பும் அப்பாமார் இதைக் கேட்க வேண்டும். தட்டாதேயுங்கள், கூப்பிடுங்கள்.

கூப்பிட்டு என்ன சொல்வது என்பதும் முக்கியம். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் செய்த சிகிச்சையில் பதகளிக்கும் பிள்ளை வருவதேயில்லை, பெற்றோர் மட்டும்தான் வருவார்கள். ஏழு முதல் பதினான்கு வயது வரையான 124 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தபோது, பெற்றோரை மட்டும் பழக்கிய பிரிவு, பிள்ளைக்கே நேரடிச் சிகிச்சை கொடுத்த பிரிவைவிடக் குறையவில்லை. பழக்கியது இரண்டு விடயம். பிள்ளையின் பயத்துக்காக வீடு முழுதும் வளைந்து கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது ஒன்று. ஆசிரியருக்குப் பொய்க் கடிதம் எழுதுவதும், நாலு வீடு தள்ளியிருக்கிற ரியூட்டரிக்கும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதும் அந்த வளைதல்தான். பேச்சை மாற்றுவது மற்றது. "நீ ஒழுங்கா செபிக்கிறேல்லை, அதுதான் இப்பிடி" என்ற வாக்கியம் எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் எத்தனை பிள்ளைகளின் வாயைப் பூட்டியிருக்கிறது! நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதிலாக: "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு எண்டு விளங்குது. உன்னால தாங்க ஏலும் எண்டும் எனக்குத் தெரியும்." புரிதலும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வரவேண்டும். ஒன்றை விட்டு ஒன்று வேலை செய்யாது.

வேதாகமத்தில் இதற்கு எனக்குப் பிடித்த இடம் எலியாவின் கதை. பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச் செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறான் தீர்க்கதரிசி. தேவதூதன் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்க விடுகிறான். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். கேள்விகள் எல்லாம் பிறகு, மலையில்தான் வருகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கும் முதல் மருந்து நித்திரை. பதின்ம வயதில் உடற்கடிகாரம் இயற்கையாகவே பிந்தி ஓடும். அதன் மேல் படுக்கையில் திரை வெளிச்சம். 2015இல் வந்த ஓர் ஆய்வில், இரவில் திரையில் வாசித்தவர்களுக்கு நித்திரை ஓமோனான மெலட்டோனின் ஒன்றரை மணி நேரம் வரை பிந்திச் சுரந்தது. காலை ஆறு மணிக்கு ரியூசன் வைத்திருக்கும் ஊரில் அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கே போய் எடுப்பது?

மூச்சும் செபமும் போதாத பிள்ளைகளும் உண்டு. சாப்பிடாமல், பள்ளிக்குப் போகாமல், வாழ விருப்பமில்லை என்று சொல்லும் பிள்ளையை வைத்தியசாலை உளமருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போவதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஏழு மணிக்கு எல்லா ஃபோனும் குசினியில் உள்ள பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போகின்றன. முதலில் என்னுடையது. முதல் கிழமை மகள் செபத்துக்கு வரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை. மெதுவாகச் சொல்வதில் மட்டும் கவனமாக இருந்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பாயில் வந்திருந்து பின்பாதியைச் சொல்லத் தொடங்கினாள். முடிந்த பிறகும் யாரும் எழும்பவில்லை. வெளியில் யாரோ படலையைச் சாத்தும் சத்தம்.

"அம்மா," என்றாள், "வகுப்பில ஒரு பிரச்சினை. சொன்னா ஏச மாட்டீங்களே?"