சைவச் சமையல் குறிப்புகளை உடல்நலத்திற்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தல்

உப்பையும் எண்ணெயையும் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்திய பின்னர், அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு வீட்டில் சமைப்பவரைச் சேர்கிறது. ஆனால், சமையல் நூல்கள் பெரும்பாலும் நோயற்றவர்களின் சுவையைக் கருதியே எழுதப்படுகின்றன. எனவே, ஒரு குறிப்பைப் படித்து, நோயாளிக்கு ஏற்றதா என மதிப்பிட்டு, தேவையான மாற்றங்களைச் செய்யும் முறையை நீங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

நல்ல குறிப்பின் அடையாளங்கள்

• எத்தனை பேருக்கு உரியது என்பது குறிப்பிடப்பட்டிருக்கும்.
• உப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை கரண்டி அல்லது கிராம் அளவில் தரப்பட்டிருக்கும். ‘தேவையான அளவு’ என்று மட்டும் இருப்பின், நீங்களே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.
• உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டிருக்கும்.
• நோயைக் குணப்படுத்தும் என்றோ மருந்து தேவையில்லை என்றோ உறுதி கூறாது.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதற்பாகம் 1951-இல் வெளிவந்தது. இத்தகைய நூல்கள் செய்முறையைக் கற்க இன்றும் பயன்படும். அவற்றிலுள்ள நெய், எண்ணெய், உப்பு அளவுகளை மட்டும் மருத்துவ ஆலோசனைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். படி, ஆழாக்கு போன்ற பழைய அளவுகள் இருப்பின், இன்றைய அளவுகளைத் தரும் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். விலைகொடுத்து வாங்குமுன் பொது நூலகத்தில் படித்துப் பார்க்கலாம்.

ஒருவருக்கான அளவைக் கணக்கிடுதல்

நால்வருக்கான அரிசிம்பருப்புச் சாதக் குறிப்பு ஒன்றில் 2 தேக்கரண்டி உப்பும் 4 மேசைக்கரண்டி எண்ணெயும் கூறப்பட்டிருப்பதாகக் கொள்வோம்.

உப்பு: ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம். ஒருவருக்கு 2.5 கிராம் சேரும். பெரியவர்கள் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் பாதி இந்த ஒரு வேளையிலேயே முடிந்துவிடுகிறது. ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் அளவு மேலும் உயரும்.

எண்ணெய்: ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி. நால்வருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கும் அதே 15 மி.லி. சேரும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவில் எண்ணெய், நெய் இரண்டும் சேர்த்து 27 கிராம் என வரையறுக்கிறது. இதிலும் ஏறத்தாழப் பாதி ஒரே வேளையில் செலவாகிறது.

எனவே, நோயாளிக்குரிய குறைந்த உப்பில் அனைவருக்கும் சமைத்து, மற்றவர்கள் வேண்டுமாயின் தட்டில் சேர்த்துக்கொள்ளலாம். மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லித்தழை ஆகியவை உப்புக் குறைவை ஓரளவு ஈடுசெய்யும்.

மேற்கூறிய நிறுவனம் 1918-இல் நம் அண்டை மலையூரான குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்திய உணவுப்பொருள்களின் சத்து அளவுகளை அது அட்டவணையாக வெளியிட்டுள்ளது. ஒரு நூல் கூறும் சத்து விவரத்தைச் சரிபார்க்க அது உதவும்.

நோய்க்கேற்ற கவனம்

நீரிழிவு: ராகிக் களியும் கம்பங்கூழும் நல்லுணவுகளே, எனினும் அவற்றிலும் மாவுச்சத்து மிகுதி. அளவுடன், காய்கறி, பயறு ஆகியவற்றோடு உண்ணுங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை பெறுவோர் உணவளவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும்.

சிறுநீரக நோய்: கொள்ளு, கீரை, இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் உண்டு. இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டே இவற்றின் அளவை மருத்துவர் நிர்ணயிப்பார். சோடியம் குறைந்த உப்பு வகைகளில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுவதால், மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். கொள்ளு ரசத்தை நம்பிச் சிறுநீரகக் கல்லுக்கான சிகிச்சையை நிறுத்துதலும் கூடாது.

வார்ஃபரின் மருந்து: கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் செயலைக் குறைக்கும். கீரையை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணுங்கள்.

முழுச் சைவ உணவு: தாவர உணவுகளிலிருந்து போதிய வைட்டமின் பி12 கிடைப்பதில்லை. பால், தயிர் ஆகியவற்றையும் தவிர்ப்போர் மாத்திரை தேவையா என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் பத்து உணவுகளின் அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள். புதிய நூலொன்றை வாங்குவதைவிட, வழக்கமான உணவைத் திருத்திக்கொள்வது எளிது. நோயாளியும் விரும்பி உண்பார். பொதுவான ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நீரிழிவு உள்ளவருக்கு வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால், அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருப்பின் 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாய்வழியாக எதையும் கொடுக்காமல் உடனடியாக 108-ஐ அழையுங்கள்.