டெபிட்டா, பிரீபெய்டா? அடேங்கப்பா, ஒரு அட்டைக்குள் இவ்வளவா!

பர்ஸில் இரண்டும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஆனால் மாதக் கடைசியில் பால் பாக்கெட்டுக்குக் காசு மிஞ்சுமா என்பதை முடிவு செய்வதே இந்த அட்டைகள்தான். தெரியுமா?

கடுகு டப்பாதான் முதல் பிரீபெய்டு கார்டு!
அரிசிப் பானைக்குள் ஸ்கூல் ஃபீஸ், கடுகு டப்பாவில் காய்கறிக் காசு என்று பாட்டி பிரித்து வைத்தாரே, நினைவிருக்கிறதா? மனிதர்கள் இப்படி மனசுக்குள்ளேயே பணத்தைத் தனித்தனிப் பையாகப் பிரிப்பதை ஆராய்ந்த ரிச்சர்ட் தேலர், 2017-ல் பொருளாதார நோபலே வாங்கிவிட்டார்! டப்பா காலி என்றால் செலவு குளோஸ். பிரீபெய்டு கார்டும் அதே ரகம்: போட்ட பணம் தீர்ந்தால் கடையில் கார்டு வேலை செய்யாது. டெபிட் கார்டோ நேரே சேமிப்புக் கணக்கில் கை வைக்கும்.

பின் நம்பர் ஏன் நான்கு இலக்கம்?
1967-ல் லண்டன் என்ஃபீல்டில் திறந்த ஏடிஎம்மை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம் ஷில்லாங்கில்! ஆறு இலக்கம் வைக்கலாம் என்று யோசித்தாராம். 'எனக்கு நாலுதான் ஞாபகம் நிற்கும்' என்று மனைவி சமையலறையில் சொல்ல, நான்கே நிலைத்தது என்பது அவரே சொன்ன கதை.

ஆனால் அந்த பின் நம்பரே தேவையில்லை!
வைஃபை சின்னம் போட்ட கார்டு என்றால், 2021 ஜனவரி 1 முதல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே போகும். மெஷின் மேல் காட்டினாலே 'பீப்'! கணக்கு பார்க்கும் பழக்கமும் அந்தச் சத்தத்தோடு போய்விடுகிறது.

பிரீபெய்டு பணம் குட்டி போடாது!
சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வட்டி உண்டு. வங்கியே மூழ்கினாலும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பிரீபெய்டு கார்டில் கிடக்கும் பணத்துக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. அதனால் மாதச் செலவுக்கு மட்டும் போடுங்கள். சேமிப்பை அதில் வைக்காதீர்கள்.

தேய்த்தால் காப்பீடு!
2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு தொடங்கிய ஜன் தன் கணக்கின் ரூபே டெபிட் கார்டில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஒளிந்திருக்கிறது. விபத்துக்கு முந்தைய 90 நாளில் ஒரு தடவையாவது கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பீரோவில் தூங்கும் கார்டை உடனே எழுப்புங்கள்!

தொலைந்தால் போச்சு!
2023 ஏப்ரலில் வந்த சிங்காரச் சென்னை என்ற பிரீபெய்டு பயண கார்டைக் காட்டினால் மெட்ரோ கேட் சட்டென்று திறக்கிறதே, எப்படி? பணம் கார்டின் சிப்புக்குள்ளேயே இருக்கிறது! அதிகபட்சம் 2,000 ரூபாய். கார்டைத் தொலைத்தால் சிப்பில் இருந்த பணமும் கூடவே போய்விடும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள்.

கிஃப்ட் கார்டுக்கும் ஆயுள் உண்டு!
கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்காது, மறுபடி பணம் ஏற்றவும் முடியாது. செல்லுபடிக் காலம் குறைந்தது ஒரு வருடம். தேதியைப் பார்த்து இன்றே செலவழியுங்கள்.

டெபிட் கார்டையே பிரீபெய்டு ஆக்கலாம்!
இதுதான் உச்சம்! 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி உங்கள் கார்டின் வரம்பை நீங்களே குறைக்கலாம். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய், கடைக்கு ஒரு நாளுக்கு 1,000 ரூபாய், ஆன்லைனுக்கு 'ஆஃப்' என்று வையுங்கள். அவ்வளவுதான்!

ஆனால் இது நாள் வரம்பு. நாளுக்கு ஆயிரம் வீதம் முப்பது நாளும் போகலாம். அதற்கும் வழி உண்டு. மினிமம் பேலன்ஸ் கேட்காத இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி, சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவுப் பணத்தை மட்டும் அதற்கு மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகும்போது அந்தக் கணக்கின் கார்டு மட்டும் பர்ஸில் இருக்கட்டும். பிரீபெய்டின் கட்டுப்பாடும் கிடைக்கும், வட்டியும் கிடைக்கும்.

பாட்டியின் கடுகு டப்பாவுக்கு மூடி இருந்தது. டெபிட் கார்டுக்கு மூடியை நாம்தான் போட வேண்டும்!