ஆளும் தாளும்: பள்ளி விளையாட்டு வீரர் கல்லூரி புகும் வழி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர்பெற்ற இவ்வூர்கள் கால்பந்தாட்டத்திலும் பெயர்பெற்றவை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக், ஐ.எஸ்.எல். தொடர்களில் ஆடி, 2019ஆம் ஆண்டில் இந்திய அணியிலும் இடம்பெற்றார். அவருடன் பிறந்தவரான மைக்கேல் ரெஜின், 2018-19 ஐ-லீக் தொடரில் வாகை சூடிய சென்னை சிட்டி அணியில் ஆடியவர்.

கடற்கரை மணலில் பந்தாடும் இளைஞர் அனைவரும் இந்நிலையை அடைந்துவிட இயலாது. ஆயினும் அவருள் பலர் தம் ஆட்டத்திறனைக் கொண்டே ஒரு கல்லூரியில் இடமும், கட்டணச் சலுகையும், ஒரு பட்டமும் பெற இயலும். அவ்வாய்ப்பு பலருக்குக் கைநழுவிப் போவது ஏன்? திறன் குறைவால் அன்று. திறனை மெய்ப்பிக்கும் தாள் கையில் இல்லாமையாலேயே ஆகும். இதனைப் பெற்றோரும் ஆசிரியரும் உரிய காலத்தில் உணர்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆளைத் தேடும் முறை

அமெரிக்க நாட்டில் கல்லூரிப் பயிற்றுநர்கள் உயர்நிலைப் பள்ளி மைதானங்களுக்கே சென்று ஆட்டத்தைக் கண்டு, விரும்பும் வீரரை உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்கின்றனர். தில்லியைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்து இளைஞர் தேஜஸ்வின் சங்கர், 2016ஆம் ஆண்டில் கோவையில் நடைபெற்ற தேசிய இளையோர் தடகளப் போட்டியில் 2.26 மீட்டர் உயரம் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். மறு ஆண்டே கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் உதவித்தொகையுடன் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்குப் பயின்றவாறே 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையிலான உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். 2022 காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலமும் பெற்றார்.

தாளைத் தேடும் முறை

நம் நாட்டில் நிலைமை வேறு. சில கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் நல்ல வீரரைத் தேடிச் செல்வதுண்டு. தேர்வுப் போட்டிகள் வைத்து ஆட்டத்தை நேரில் காண்பதும் உண்டு. எனினும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடத்தை உறுதி செய்வது சான்றிதழே. ஊர்த் திருவிழாவை ஒட்டிய போட்டிகளில் வென்ற கோப்பைகள் வீட்டு அலமாரியை அழகு செய்யும். சேர்க்கைக் குழுவின் முன் அவை பேசா.

பேசும் சான்றிதழ் எங்கே கிடைக்கிறது? பள்ளிகளுக்கிடையே குறுவட்ட அளவில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம் எனப் படிப்படியாக உயரும் போட்டிகளில் கிடைக்கிறது. மாநில அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பெறுவோர் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளுக்குச் செல்கின்றனர். இவ்வேணியின் முதற்படி பள்ளி அணியாகும். பள்ளி அணி அனுப்பாவிடில் மாணவர் எத்துணைத் திறனுடையவராயினும் ஏணியில் ஏறவே இயலாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோர் உடற்கல்வி ஆசிரியரைக் கண்டு பேசுதல் நன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் விழித்துக்கொள்வது, அறுவடை நாளில் விதை தேடுவதற்கு ஒப்பாகும்.

சான்றிதழைப் பெற்றவுடன் மூன்றனைச் சரிபார்த்தல் வேண்டும். முதலாவது, பெயரும் பிறந்த நாளும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளவாறே உள்ளனவா என்பது. இரண்டாவது, போட்டியை நடத்திய சங்கம் அரசால் ஏற்கப்பெற்றதா என்பது. மூன்றாவது, சேர்க்கை விதிகள் கேட்கும் படிவத்தில், உரிய அலுவலரின் ஒப்பத்துடன் அஃது அமைந்துள்ளதா என்பது. எவ்வாண்டுகளில் பெற்ற சான்றுகள் ஏற்கப்படும் என்பதையும் அவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் தருவதாகக் கூறுவோரையும், வயதைக் குறைத்துக் காட்டத் தூண்டுவோரையும் அணுகவே கூடாது. பொய்ச்சான்று வெளிப்படும் நாளில் இடமும் போகும், மானமும் போகும்.

கதவுகள் பல

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்க்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் மே மாதத்திலேயே விண்ணப்பங்களும் தொடங்கிவிடுவதால், சான்றிதழ்கள் அதற்கு முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் உள்ளன; சான்றிதழ்களின் தரத்துக்கேற்ப மதிப்பெண் வழங்கி வரிசைப்படுத்துவர். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டு முதல் ஒவ்வோர் இளநிலைப் பாடப்பிரிவிலும் விளையாட்டில் சிறந்தோர்க்கு இரண்டு கூடுதல் இடங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் ஒன்று மகளிர்க்குரியது. ஆயினும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசையில் இடம்பெற்றோரே அங்குப் புகலாம். விளையாட்டு கதவைத் திறக்கும். படிப்பே உள்ளே அழைத்துச் செல்லும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கல்லூரியைத் தேர்தல்

இடம் கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் எக்கல்லூரியிலும் சேர்ந்துவிடலாகாது. கட்டணச் சலுகை முதலாண்டுக்கு மட்டுமா, மூன்றாண்டுக்குமா? விடுதியும் உணவும் அதனுள் அடங்குமா? போட்டிக்குச் செல்லும் நாள்களுக்கு வருகைப்பதிவு தரப்படுமா? தேர்வு நாளும் போட்டி நாளும் ஒன்றாக அமைந்தால் என்ன ஏற்பாடு? காயமுற்று ஆட இயலாமற் போனால் சலுகை நீடிக்குமா? இவ்வினாக்களைச் சேருமுன்னரே கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் நலம். முழங்கால் ஒருமுறை பிசகினால் ஆட்டம் நின்றுவிடலாம், பட்டம் நிற்காது. ஆதலால் பாடப்பிரிவை மாணவரின் விருப்பமும் ஆற்றலும் கொண்டே தெரிவு செய்தல் வேண்டும்.

குமரி மாவட்டக் கல்லூரிகள் 1990ஆம் ஆண்டில் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. கல்லூரி அணியில் ஆடுபவர் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளின் வழியே பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு பெறலாம். அங்கிருந்து தென்மண்டலப் போட்டிக்கும் அனைத்திந்தியப் போட்டிக்கும் செல்லலாம். பல்கலைக்கழகத்தின் சார்பில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவர், நடுவணரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கும் தகுதி பெறுகிறார். எனவே பெயர்பெற்ற கல்லூரியில் மாற்றாட்டக்காரராக அமர்ந்திருப்பதினும், நாள்தோறும் களமிறங்கும் வாய்ப்புள்ள கல்லூரியே சிலருக்கு ஏற்றதாகலாம்.

மகளிர்க்கு இவ்வழி இன்னும் கடினமானது. வெளியூர்ப் பயணம், உடை, மாலைநேரப் பயிற்சி எனப் பெற்றோர் தயங்குதற்குக் காரணங்கள் பல உள. உடன் வரும் ஆசிரியை யார், தங்குமிடம் யாது என்பவற்றைப் பள்ளியும் கல்லூரியும் முன்னரே தெரிவித்தால் அத்தயக்கம் பெரிதும் நீங்கும். கேட்பது பெற்றோரின் உரிமை. சொல்வது நிறுவனத்தின் கடமை.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், நம் கடற்கரை ஊர்களின் உழைப்பாளர் பலரைக் கொண்டு சென்றது. கடலை மட்டுமே நம்பிய இல்லங்களில் ஒரு பட்டம் எத்துணைப் பெரிய துணை என்பதை அவ்வூர்கள் நன்கறியும். அப்பட்டத்துக்கு ஒரு வழி பந்தின் வடிவில் நம் பிள்ளைகளின் காலடியில் கிடக்கிறது. ஆள் நம்மிடம் இருக்கிறார். தாளையும் உரிய காலத்தில் அவர் கையில் சேர்ப்போமாக!