வீட்டில் ஒலிக்கும் மிருதங்கம்

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒலிபெருக்கி மிருதங்கத்தின் இயல்பான நாதத்தைக் கெடுக்கிறது என்று கருதியவர். சில காலம் அது வைக்கப்பட்ட மேடையில் வாசிக்கவே மறுத்தார். இன்று அவர் வாசிப்பை ஒலிப்பதிவில் மட்டுமே கேட்க இயலும். பலர் வீடுகளில் அது வைஃபையில் இயங்கும் இசைப்பெட்டியின் வழியே ஒலிக்கிறது. அந்த நாதம் கெடாமல் காப்பது எவ்வாறு?

முதலில் கோப்பைக் கவனிக்க வேண்டும். குறுந்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதிக்கப்படுகிறது. அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. 128 கிலோபிட் எம்பி3 கோப்பு அதில் பதினொன்றில் ஒரு பங்கே. செவிக்கு எட்டாது எனக் கருதப்படும் நுண்ணொலிகளை நீக்கியே அது சுருக்கப்படுகிறது. நீக்கியதை எத்துணை விலையுயர்ந்த பெட்டியாலும் மீட்க இயலாது. ஃபிளாக் என்னும் கோப்புவகை சுருங்கினாலும் எதையும் இழப்பதில்லை.

வைஃபை வலுக்குறைந்தால் இசை இடையிடையே நிற்குமேயன்றி நாதம் மங்காது. இசை எண்களாக வருவதே காரணம். அப்போது சாதாரண இணையக் கம்பியை இணைத்தால் போதும். பொன்முலாம் பூசிய கம்பி வீண்செலவு.

பெட்டியை வைக்கும் இடமோ பெரும் மாற்றத்தைத் தரும். அறையின் மூலையில் வைத்தால் சுவர்கள் தாழ்ந்த ஒலியை மிகுவிக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி அளவுக்கு மீறி முழங்கி, வலந்தலையின் தெளிந்த சொற்களை மூடிவிடும். பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தி, அமர்ந்திருப்பவரின் காதுயரத்தில் வைத்தால் வேறுபாடு புலப்படும். வெறுந்தரையில் எதிரொலி மிகுந்தால் கனத்த ஜமுக்காளம் ஒன்றை விரிக்கலாம்.