ரவை எங்கே போய் நிற்கும்?

குடாநாட்டிலிருந்து புலம்பெயர்ந்து கனடாவிலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எம்மவர்களுள் ஒரு சிலர் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு அமைய வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் ரைபிள் வைத்திருக்கின்றனர். விடுமுறையில் ஊர் திரும்பும் அவர்கள் காட்டும் படங்கள் இங்குள்ள இளைஞர்களிடையே ஆவலைத் தூண்டுகின்றன. மறுபுறத்தில், குரங்குத் தொல்லையால் தென்னையையும் மரவள்ளியையும் இழந்து நிற்கும் தென்மராட்சி விவசாயி தமக்கும் ஒரு துவக்கு வேண்டும் என்கிறார். இருவருடைய கேள்வியும் ஒன்றுதான்: எந்தத் துவக்கு நல்லது? இக்கேள்விக்கு நேர்மையாக விடை தேடும் எவரும், அதற்கு முன்னே கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியையும் எதிர்கொண்டே ஆகவேண்டும்.

துவக்கு என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு கருவிகளை. வயல் காவலுக்கு நம்மவர்கள் காலங்காலமாக வைத்திருந்த சொட்கன்னின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதன் தோட்டாவிலிருந்து சிறு சன்னங்கள் பல ஒன்றாகப் புறப்பட்டு விரிந்து பரவும். ரைபிளின் குழலிலோ உட்புறம் சுருளாக வரிப்பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அதனூடே செல்லும் ஒற்றை ரவை பம்பரம்போலச் சுழன்றுகொண்டு வெளியேறுவதால், தடம் புரளாமல் நெடுந்தூரம் செல்கின்றது.

ரைபிள்களுள் போல்ட் வகை எனப்படுவது, நமது கதவுத் தாழ்ப்பாளை ஒத்த அமைப்பினால் இயங்குவதாகும். கைப்பிடியை உயர்த்திப் பின்னிழுத்தால் வெற்றுக்கோது வெளியே விழும். முன் தள்ளினால் புதிய தோட்டா உள்ளே ஏறும். கைப்பிடியைக் கீழே மடக்கியதும் தாழ் இறுகிவிடும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இதனைச் செய்ய வேண்டியிருப்பதால் வேகம் குறைவு. ஆனால் அசையும் பாகங்கள் குறைவாகவும் பூட்டு உறுதியாகவும் இருப்பதனால் குறி பிசகுவதும் குறைவு. ஜேர்மனியின் 1898ஆம் ஆண்டு மவுசர் ரைபிளும், பிரித்தானியப் படையினர் பயன்படுத்திய '303' லீ என்பீல்டும் இவ்வகையின் புகழ்பெற்ற உதாரணங்களாகும். நூறாண்டுகள் கடந்தும் வேட்டைக்காரரும் விளையாட்டு வீரரும் இவ்வமைப்பைக் கைவிடாமைக்கு அதன் எளிமையே காரணம்.

வேட்டைக்குச் சட்டம் இடமளிக்கும் நாடுகளில் இதனைத் தெரிவு செய்வோர் சில விடயங்களைக் கவனிக்கின்றனர். காடு மேடெல்லாம் சுமந்து திரிய வேண்டியிருப்பதனால் வேட்டை ரைபிள் பாரம் குறைந்ததாக இருத்தல் வேண்டும். விலங்கு துன்புறாது உடனே வீழ்வதற்குப் போதிய வலு ரவைக்கு இருத்தல் வேண்டும். அதேவேளை, சுடுபவர் தோளதிர்ச்சிக்கு அஞ்சிக் கண்ணை மூடும் அளவுக்கு அவ்வலு மிஞ்சவும் கூடாது. குறிப்பலகைக்குச் சுடுபவருக்கோ பாரமான, தடித்த குழலே உகந்தது. அது ஆட்டத்தைக் குறைக்கும். இரு சாராருக்கும் பொதுவானது, துவக்கின் பிடி தத்தம் உடலுக்குப் பொருந்துவதும், ஒரே வகைத் தோட்டாவைக் கொண்டு இடைவிடாது பயிற்சி பெறுவதுமாகும். நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுதோறும் 100 மீற்றர் தூரத்தில் குறிபார்க்கும் பரீட்சையில் தேறியே ஆகவேண்டும். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சியும் உரிமமும் இன்றி ரைபிள் வாங்க இயலாது. விடுமுறைப் படங்களில் தெரிவது துவக்கு மாத்திரமே. அதன் பின்னாலுள்ள இந்தக் கட்டுப்பாடுகள் தெரிவதில்லை.

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த இன்னொரு கேள்விக்கு வருவோம். சுட்ட ரவை எங்கே போய் நிற்கும்?

சொட்கன்னின் சிறு சன்னங்கள் சுமார் 200 மீற்றருக்குள் வலுவிழந்து வீழ்ந்துவிடும். ரைபிள்களுள் மிகச் சிறியதாகிய '22' ரகத்தின் ரவையோ ஒன்றரைக் கிலோமீற்றர் வரை செல்லக்கூடியது. '303' போன்றவற்றின் ரவை 3 கிலோமீற்றருக்கு அப்பாலும் சென்று விழும். ஆகவேதான், குறியின் பின்னால் மலைச்சரிவோ உயர்ந்த மண் அணையோ இல்லாத இடத்தில் ரைபிளைச் சுடலாகாது என்பது எங்கும் முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. நமது குடாநாட்டில் மலை ஏது? சுண்ணாம்புக்கல் மேல் பரந்த தட்டை நிலமும், வேலிக்கு வேலி நெருங்கிய குடிமனைகளும், தோட்டத்துக்குத் தோட்டம் வேலை செய்யும் மனிதருமே உள்ளனர். பனைமரத்தின் உச்சியிலோ தென்னை வட்டிலோ இருக்கும் குரங்கை நோக்கிச் சுடுபவர் துவக்கை மேல்நோக்கியே பிடிக்கின்றார். குறி தப்பினால் அந்த ரவையைத் தடுப்பதற்கு ஆகாயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அது அடுத்த கிராமத்தின் பாடசாலை முற்றத்திலும் விழலாம். கடனீரேரியில் பறவையை நோக்கிச் சுட்டாலோ, தாழ்ந்த கோணத்தில் நீரில் படும் ரவை தவளைக்கல்லைப் போலத் தெறித்து எதிர்க்கரைக்கும் செல்லக்கூடும். எவ்வளவு விலை உயர்ந்த ரைபிளாயினும் இக்குறையை நீக்க மாட்டாது. குறை துவக்கில் இல்லை, நிலத்தின் அமைப்பில் இருக்கின்றது.

சட்டமும் இங்கு வேறு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உரிமமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் மான், மரை முதலானவற்றை வேட்டையாடுவதைத் தடை செய்துள்ளன. 1938இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பொழுதுபோக்கு வேட்டை என்பதற்கு இந்நாட்டில் இன்று இடமில்லை.

இத்தடைகள் காரணமின்றி வந்தவையல்ல. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாகப் பிரித்தானிய ஆட்சியின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் டெனன்ட் எழுதி வைத்துள்ளார். தலைக்குச் சில ஷிலிங் என அரசாங்கமே அதற்குச் சன்மானம் வழங்கியது. பயிரைக் காக்கவென்று தொடங்கிய ஒன்று எவ்வளவு விரைவாக அளவிறந்து போகும் என்பதற்கு எமது மாகாணமே சாட்சி.

அறநெறியும் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. திருவள்ளுவர் கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். உணவின் பொருட்டு வேட்டையாடுதலை விதிமுறைகளுடன் அனுமதிக்கும் இஸ்லாமும், உயிருள்ள ஒன்றை வெறும் குறிப்பொருளாக நிறுத்தி எய்வதை நபிமொழியின் வாயிலாகத் தெளிவாகத் தடுத்துள்ளது. கைத்திறனைச் சோதிக்க ஓர் உயிரைப் பலியிடலாகாது என்பதில் நம் இரு சமூகத்தாரின் மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

அவ்வாறாயின் விவசாயி என் செய்வார் என்னும் வினா நியாயமானதே. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்குக் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை நாடெங்கும் ஐந்து நிமிடங்கள் எண்ணிக் கணக்கெடுத்த அரசாங்கம், அத்தொல்லையின் பாரத்தை அதன் மூலம் ஒப்புக்கொண்டுள்ளது. கணக்கெடுப்போடு நின்றுவிடாது, இழப்பீடும் வேலி அமைப்பதற்கான உதவியும் தோட்டக்காரரின் கைக்கு வந்து சேர வேண்டும். பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற துவக்கு அவசியமென உரிய அதிகாரிகள் கருதுமிடத்தும், குறுந்தூரச் சொட்கன்னே இம்மண்ணுக்குப் பொருந்துமேயன்றி ரைபிள் பொருந்தாது. வரம்பில் மறைத்துக் கட்டப்படும் கட்டுத்துவக்கோ விலங்கையும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாது. அதனை எக்காரணங்கொண்டும் ஏற்க இயலாது.

குறிபார்க்கும் கலையில் நாட்டமுள்ள இளைஞருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. ஒலிம்பிக்கில் காற்றழுத்த ரைபிளுக்குரிய தூரம் 10 மீற்றர் மாத்திரமே. ஒரு மண்டபத்தின் நான்கு சுவர்களுக்குள் அதனை நடத்தலாம். கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண்ணான இளவேனில் வாலறிவன் இந்தப் போட்டியிலேதான் தோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். இலங்கையின் தெஹானி எகொடவெலவும் தோக்கியோவில் இதிலேயே பங்குபற்றினார். பின்னணையும் பயிற்றுநரும் மேற்பார்வையும் கொண்ட ஒரு சிறு பயிற்சிக்கூடம் யாழ்ப்பாணத்தில் சட்டபூர்வமாக அமையுமாயின் அதனை நாம் வரவேற்போம்.

துவக்கின் முனையில் இடம்பெயர்ந்தவர்கள் நாம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் பரம்பரை வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டதும், 1995இல் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் பெயர்ந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. காணி துப்புரவாக்கும்போது இன்றும் பழைய ஆயுதமோ ரவையோ கண்ணில் பட்டால் அதனைத் தொடாது பொலிஸாருக்கு அறிவிப்பதே கடமையாகும். நல்ல துவக்கு எதுவெனக் கேட்கும் இளைஞருக்கு மூத்தோர் வாய்மூடி இருத்தலாகாது. சுட்ட ரவை போய் நிற்கும் இடத்தைக் காட்ட இயலாதவன் விசையில் விரல் வைக்கும் தகுதியற்றவன் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.