முயலின் வயிற்றில் நாயின் புழு

வெளியே பார்த்தால் கொழுகொழு காட்டு முயல். வயிற்றுக்குள்ளோ பட்டாணி அளவில், தண்ணீர் நிரம்பிய கொப்புளங்கள். சில முயல்களில் திராட்சைக் கொத்தாகவே தொங்கும். இவற்றைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அநேகம். காரணம் வாசலில் படுத்திருக்கும் நாயாக இருக்கலாம் என்று அறிந்தவர்கள் குறைவு.

ஒவ்வொரு கொப்புளமும் டீனியா பிசிஃபார்மிஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். புழு முதிர்வது நாய், நரி போன்றவற்றின் சிறுகுடலில். முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லில் ஒட்டிக்கொள்கின்றன. மேயும் முயலின் குடலில் முட்டை பொரிந்ததும், இளம்புழு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி ஈரலை அடைகிறது. சில வாரங்கள் ஈரலைக் குடைந்துவிட்டு, வயிற்றுச் சவ்வில் கொப்புளமாகத் தங்குகிறது. பிறகு ஒரே வேலைதான்: காத்திருப்பது. முயலை நாயோ நரியோ தின்றால்தான் அதற்கு மறுவாழ்வு.

இந்த ரகசியத்தை 1850-களில் உடைத்தவர் ஜெர்மன் மருத்துவர் ஃபிரீடரிக் கூகன்மைஸ்டர். முயல் கொப்புளங்களை நாய்களுக்குத் தின்னக் கொடுத்தார். குடலில் நாடாப்புழுக்கள் வளர்ந்தன. கொப்புளமும் புழுவும் வேறு வேறு உயிர்கள் என்ற நம்பிக்கை தகர்ந்தது.

ஒன்றிரண்டு கொப்புளங்களை முயல் தாங்கும். அளவு மீறினால் ஈரல் புண்படும். இளம் முயல்கள் செத்தும் போகலாம். குடலில் வாழும் உருளைப்புழுக்களோ வம்சத்திலேயே கைவைக்கின்றன. ஸ்காட்லாந்தில் மலை முயல்களுக்குப் புழு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. மருந்து பெற்ற பெண் முயல்களின் குட்டி ஈனும் திறன் கூடியிருந்தது.

இந்தியாவின் 2019 கால்நடைக் கணக்கெடுப்பு சொல்லும் தெருநாய்கள் 1.53 கோடி. காட்டோரக் கிராமங்களில் அவை திரியும் வயலிலும் புதரிலும்தான் கருப்புப் பிடரி முயலும் மேய்கிறது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அதையும் மீறிக் கண்ணி வைப்பவர்கள், உரித்த முயலின் குடலை நாய்க்கு வீசினால், புழுவுக்கு விருந்து.

இந்தப் புழு மனிதர்களைத் தொற்றுவதில்லை. ஆனால் இதன் உறவுக்காரனும், அதே நாய்-முயல் பாதையில் பயணிப்பதுமான டீனியா சீரியாலிஸ் அரிதாக மனிதர்களையும் தாக்கும்.

காட்டு முயலைப் பிடித்து மருந்து புகட்டுவது நடக்காத காரியம். நாய்க்கு முடியும்: பச்சைக் குடலைப் போடாமலிருப்பது, கால்நடை மருத்துவர் சொல்லும் பிரசிகுவான்டெல் மாத்திரையைத் தவறாமல் கொடுப்பது. சிக்கல் தெருநாயிடம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட ஊரே இருக்கிறது. மாத்திரை கொடுக்கத்தான் ஆளில்லை.