ஆஸ்பெஸ்டாஸ் வேலை: பழைய சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பலவற்றுக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். உடையாத, உதிராத ஷீட்டுக்குக் கீழே படுத்துத் தூங்குவதால் பெரிய ஆபத்து இல்லை. அதை அறுக்கும்போதும், துளை போடும்போதும், பழைய ஷெட்டைப் பிரித்து உடைக்கும்போதும்தான் ஆபத்து. கட்டிங் மெஷினை வைத்ததும் வெள்ளையாக எழும்பி, புருவத்திலும் சட்டைக் காலரிலும் படிகிறதே, அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கின்றன. அந்தச் சட்டையை வீட்டில் உதறித் துவைப்பவரும் அதைச் சுவாசிக்கிறார். லாரி பட்டறையில் பழைய பிரேக் டிரம்மைக் கழற்றி ஏர் அடிப்பவருக்கும், பழைய பாய்லர் குழாயின் உறையை உரிப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

நுரையீரலின் அடிவரை போய்ச் சிக்கிய நாரை உடம்பால் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியே தள்ளவும் முடியாது. அதைச் சுற்றித் தழும்பு கட்டி நுரையீரல் விறைத்துப்போவதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் விடாது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலை மூடிய சவ்வில் வரும் மெசோதெலியோமா என்ற புற்றுநோயும் இதனால் வரும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவிலோ வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி செய்து ஷீட் தயாரிக்க இன்னும் தடையில்லை. இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

இழப்பீடு கேட்பவருக்குப் பெரிய சிக்கல் காலம்தான். தூசியைச் சுவாசித்து 10 முதல் 40 வருடம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். இங்கே கான்ட்ராக்ட் வேலையோ சில மாதம்தான். பிறகு கான்ட்ராக்டர் மாறுவார், கம்பெனி மூடும், ஆள் ஒடிசாவுக்கோ விழுப்புரத்துக்கோ திரும்பிப் போவார். இருமலோடு போனால் டி.பி. என்று மருந்து கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது.

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்த நீண்ட காலத்தை யோசித்தே தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் ஷெட் பிரிக்க வந்த கூலியாளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவருக்கான சான்றை அவரேதான் காப்பாற்ற வேண்டும்: சம்பளச் சீட்டு, கேட் பாஸ், இ.எஸ்.ஐ. நம்பர், பி.எஃப். கணக்கு எண், கூட வேலை பார்த்தவர்களின் பெயர். போனில் படம் எடுத்து வைத்தாலும் உதவும். மத்தியப் பிரதேசத்தின் கைமோரில் டர்னர் அண்ட் நியூவால் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்த ஆலையின் தொழிலாளர்கள், பல பத்தாண்டு கழித்து பிரிட்டனில் அதற்காக உள்ள அறக்கட்டளையிடம் இழப்பீடு கேட்க முடிந்ததென்றால், அங்கே வேலை பார்த்ததைக் காட்ட முடிந்ததால்தான்.

டாக்டரிடம் போகும்போது இருமலை மட்டும் சொல்லாதீர்கள். எந்த வருடம், எங்கே, என்ன வேலை என்பதைச் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை தெரியாமல் போகலாம். சி.டி. ஸ்கேனும் மூச்சுத் திறன் பரிசோதனையும் தேவைப்படும்.

ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். மருத்துவ வாரியம் உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடும்; அதற்கேற்ப மாதாமாதம் பணம் வரும். இறந்துவிட்டால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாதவர் முதலாளியிடம் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குப் பொதுவாக 2 வருடம்தான் கெடு. நோய் உறுதியானதும் தொழிற்சங்கத்தையோ இலவச சட்ட உதவி மையத்தையோ பாருங்கள். இ.எஸ்.ஐ., முதலாளி என இரண்டு வழியிலும் ஒரே நோய்க்குப் பணம் வாங்க முடியாது. வாரியம் சதவீதத்தைக் குறைத்துப் போட்டால் மேல்முறையீடு செய்யலாம்.